வண்ணம் தெரியாத கண்

வானைப் பதித்தவர்கள் – வரலாற்றுத் தொடர் – பகுதி 14

சென்ற பகுதியை ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மலையில், டேவிட் மாலினின் இருட்டறையில் முடித்திருந்தோம். வேதியியல் துறையிலிருந்து வானியலுக்கு வந்த அந்த ஆங்கிலேயர், 3.9 மீட்டர் தொலைநோக்கியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளியிலும் தனித்தனியே கருப்பு வெள்ளைத் தகடுகள் எடுத்தார். பிறகு அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிட்டு வண்ணப்படம் செய்தார். அந்த வித்தைக்கு மலையுச்சியில் ஒரு தொலைநோக்கி, கண்ணாடித் தகடுகள், இருட்டறை எல்லாம் வேண்டும். செலவைத் தாங்க இரண்டு நாட்டு அரசுகளும் வேண்டியிருந்தன.

அடுத்த பத்தாண்டில், இவற்றில் எதுவும் இல்லாதவர்கள் அதே வித்தையை வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து செய்யத் தொடங்கினார்கள். மருத்துவர்கள், பொறியாளர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது விரல்நகத்தில் அடங்கும், சிசிடி எனப்படும் ஒரு சிலிக்கான் சில்லு. அந்தச் சில்லுக்கு நிறம் என்பதே தெரியாது. விழுந்த ஒளி எவ்வளவு என்று மட்டும்தான் அது சொல்லும். நிறம் தெரியாத அந்தக் கண்ணை வைத்து வானத்தின் நிறத்தை அளக்கப் பழகிய அமெச்சூர்களின் கதைதான் இந்தப் பகுதி.

ஃபிலிம் கைவிட்ட இடம்

1980களின் அமெச்சூர் என்ன பாடுபட்டார் என்று தெரிந்தால்தான் சிசிடி கொடுத்த விடுதலை புரியும். நிலாவையும் கோள்களையும் எடுப்பது வேறு, ஆழ்வானத்தை எடுப்பது வேறு. சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் நெபுலாக்கள், விண்மீன் கொத்துகள், விண்மீன் மண்டலங்கள் ஆகியவற்றின் ஒளி மிக மிக மங்கல். ஒரு மணி நேரம் ஃபிலிமைத் திறந்து வைத்தாலும் சொற்பமே பதியும்.

நேரத்தைக் கூட்டினால் தீராதா என்றால், தீராது. 1890களின் இறுதியில் வியன்னாவின் குஃப்னர் வானாய்வகத்தில் வேலை பார்த்த கார்ல் ஷ்வார்ட்சைல்ட் இதை அளந்து பார்த்துவிட்டார். பின்னாளில் கருந்துளைக் கணிதத்தால் பெயர்பெற்ற அதே ஷ்வார்ட்சைல்ட்தான். ஒளி பாதியானால் நேரத்தை இரட்டித்தால் போதும் என்ற கணக்கு மங்கலான ஒளியில் பொய்த்துப் போகிறது. நேரம் ஆக ஆக ஃபிலிம் சோர்ந்துவிடுகிறது. மேலும் மேலும் காத்திருந்தாலும் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. ஃபிலிமின் மேல் விழும் ஒளித்துகள்களில் நூற்றில் ஒன்றிரண்டுதான் பதிவாகிறது. மற்றதெல்லாம் வீண்.

அந்தச் சோர்வைப் போக்கச் சிலர் உலர்பனியில் ஃபிலிமைக் குளிரவைத்துப் படமெடுத்தார்கள். எவெரெட் கிரைமர் இப்படிக் குளிர்கேமராவில் எடுத்த படங்கள்தான் 1978ல் 'மெசியர் ஆல்பம்' நூலில் வந்தன. வேறு சிலர் கோடக்கின் டெக்னிக்கல் பான் 2415 ஃபிலிமை, 8 பங்கு ஹைட்ரஜனும் 92 பங்கு நைட்ரஜனும் கலந்த வாயுவில் வெப்பமூட்டி ஊறவைத்தார்கள். அதற்கு 'ஹைப்பரிங்' என்று பெயர். ஊறிய ஃபிலிமைச் சீக்கிரம் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். படம் பதியும் நேரம் முழுக்க, குறுக்குக்கம்பி போட்ட கண்ணருகு வில்லையில் ஒரு விண்மீனைப் பார்த்தபடி, அது நகராமல் தொலைநோக்கியைக் கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். படம் வந்ததா இல்லையா என்பது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும்.

ஒரு மணி நேரத்துக்குள் பிறந்த கருவி

1969 அக்டோபர் 17 அன்று, நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கரும்பலகை முன் நின்று பேசினார்கள். அவர்கள் நினைப்பில் வானமும் இல்லை, கேமராவும் இல்லை. கணினி நினைவகம் செய்வதில் காந்தக் குமிழி நுட்பத்தோடு போட்டிபோட ஒரு குறைக்கடத்தி வழி வேண்டும் என்று மேலிடம் நெருக்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆவதற்குள் சிசிடியின் அடிப்படை யோசனை உருவாகிவிட்டது. நினைவகமாக அது பெரிதாகப் பிழைக்கவில்லை, கண்ணாகப் பிழைத்தது. அதைப் படம்பிடிக்கும் கருவியாக்கியதில் அதே ஆய்வகத்தின் மைக்கேல் டாம்ப்செட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 2009ல் நோபல் பரிசு பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் போனபோது, யாருக்கு எந்தப் பங்கு என்ற வாக்குவாதம் எழுந்ததற்குக் காரணம் இதுதான்.

வீட்டுக்குத் தளம் போடும் நாளில் ஆட்கள் வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள் இல்லையா? சிசிடி வேலை செய்வதும் அப்படித்தான். சில்லின் பரப்பு பிக்சல் எனப்படும் சிறுசிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒளித்துகள் வந்து மோதினால் சிலிக்கானிலிருந்து ஓர் எலெக்ட்ரான் கழன்று அந்தக் கட்டத்திலேயே தங்கிவிடும். படம் முடிந்ததும் ஒவ்வொரு கட்டமும் தன்னிடம் சேர்ந்ததை அடுத்த கட்டத்துக்குத் தள்ள, வரிசையின் கடைசியில் இருக்கும் ஓர் அளவி வந்ததை எண்ணி எழுதிக்கொள்ளும். ஆக, கையில் கிடைப்பது ஓர் எண் பட்டியல். அதைத் திரையில் வெளிச்சமாகவும் இருட்டாகவும் காட்டினால் படம்.

இதில் வானியலாளர்களுக்கு இரண்டு லாபம். விழும் ஒளியில் பாதிக்கு மேலும், நல்ல சில்லாக இருந்தால் பத்தில் ஒன்பது பங்குவரையும் பதிவாகிறது. அதோடு ஃபிலிமின் சோர்வு இதற்குக் கிடையாது. இரண்டு மடங்கு ஒளி விழுந்தால் எண்ணும் இரண்டு மடங்கு. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜேனசிக், அரிசோனா பல்கலைக்கழகத்தின் பிராட்ஃபோர்ட் ஸ்மித் போன்றவர்கள் 1970களின் நடுவில் சாண்டா கேட்டலினா மலையின் 61 அங்குலத் தொலைநோக்கியில் சிசிடியைப் பொருத்தி யுரேனஸ் கோளைப் படமெடுத்தார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் பெரிய வானாய்வகங்களில் கண்ணாடித் தகடு ஓரங்கட்டப்பட்டது. 1990ல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் அகலப்புலக் கேமராவிலும் சிசிடிகளே இருந்தன.

கொல்லைப்புறத்துக்கு வந்த சில்லு

அமெச்சூர் கைக்கு அது வந்த விதம் வேடிக்கையானது. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா இன்ஸ்ட்ருமென்ட் குரூப், சுருக்கமாக எஸ்பிஐஜி, 1990ஐ ஒட்டி எஸ்டி-4 என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் முதல் வேலை படமெடுப்பதல்ல. குறுக்குக்கம்பியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரை எழுப்பிவிட்டு, அவர் செய்த வேலையைத் தான் செய்வது. வழிகாட்டும் விண்மீனை அது பார்த்துக்கொள்ளும், ஃபிலிம் ஒரு பக்கம் பதிந்துகொண்டிருக்கும். உள்ளே இருந்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிசி211 சில்லு. மொத்தம் 192 × 165 பிக்சல், பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் சதுரம்.

அவ்வளவு சிறிய சதுரத்தில் முழுநிலாவின் ஒரு பகுதி மட்டுமே அடங்கும் தொலைநோக்கிகள் உண்டு. ஆனாலும் சிலர் அதிலேயே நெபுலாக்களை எடுத்துப் பார்த்தார்கள். ஃபிலிமில் ஒரு மணி நேரம் கேட்ட மங்கல் சில நிமிடங்களில் திரையில் வந்து நின்றது. அதன் பிறகு பின்வாங்கல் இல்லை. 1992ல் எஸ்டி-6 வந்தது. 1994ல் கோடக் சில்லோடு எஸ்டி-7 வந்தது. 765 × 510 பிக்சல் கொண்ட அதில், படத்துக்கு ஒரு சில்லும் வழிகாட்டும் விண்மீனைப் பார்க்க இன்னொரு சில்லும் ஒரே பெட்டிக்குள் இருந்தன.

விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு வேறு வழி பிறந்தது. 'அஸ்ட்ரானமி' இதழின் ஆசிரியராக இருந்த ரிச்சர்ட் பெர்ரி, வெய்க்கோ கான்ட்டோ, ஜான் மங்கர் ஆகிய மூவரும் 1994ல் 'சிசிடி கேமரா குக்புக்' என்ற நூலை வெளியிட்டார்கள். சர்க்யூட் படம், உலோகத்தைக் கடைய வேண்டிய அளவுகள், மென்பொருள் எல்லாம் அதில் இருந்தன. டெக்சாஸ் சில்லை மட்டும் வாங்கிவிட்டால் மீதியை வீட்டிலேயே சால்டரிங் செய்துகொள்ளலாம். சில்லைக் குளிர்விக்க மின்தகடு, அந்தத் தகட்டின் சூட்டை எடுத்துச்செல்லக் குழாயில் சுழலும் தண்ணீர். அதற்கு முன்பே ஃபிரான்ஸில் கிறிஸ்டியன் புயில் இதே பாதையில் நடந்து நூலும் எழுதியிருந்தார். கடைக் கேமராவோடு வந்தவர்களைவிடத் தன் கேமராவைத் தானே செய்தவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரம் விளங்கியது. சில்லு கொடுக்கும் எண்களில் வானத்தின் ஒளி மட்டும் இல்லை.

கழித்தலும் வகுத்தலும்

ஃபிலிம்காரருக்கு இருட்டறை எப்படியோ, சிசிடிக்காரருக்குக் கணிதம் அப்படி ஆனது. கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது நான்கு பாடங்கள்.

முதலாவது, சூடு. இருட்டில் மூடிவைத்தாலும் சிலிக்கானில் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் கழன்றுகொண்டே இருக்கும். வெப்பநிலை ஏறக்குறைய 6 அல்லது 7 டிகிரி கூடும்போதெல்லாம் இந்தப் பொய் ஒளி இரட்டிப்பாகும். அதனால்தான் சில்லைப் பூச்சியத்துக்கு வெகு கீழே குளிர்விக்கிறார்கள். மிச்சமிருப்பதைக் கழிக்க, தொலைநோக்கியை மூடிவிட்டு அதே வெப்பநிலையில், அதே நேரத்துக்கு ஓர் இருட்டுப்படம் எடுப்பார்கள். அதற்கு 'டார்க்' என்று பெயர். வானப்படத்திலிருந்து டார்க்கைக் கழித்தால், மணல் தூவியதுபோல் இருந்த வெண்புள்ளிகள் மறைந்துவிடும்.

இரண்டாவது, அளவி தானாகச் சேர்க்கும் அடிப்படை எண். நேரமே கொடுக்காமல் உடனே மூடி எடுக்கும் 'பயஸ்' படம் அதைக் காட்டிக்கொடுக்கும். அதையும் கழிக்க வேண்டும்.

மூன்றாவது, சமமின்மை. எல்லாப் பிக்சலும் ஒரே அளவு கூர்மையாக இருப்பதில்லை. கண்ணாடியில் ஒட்டிய தூசி, படத்தில் வளையமாக விழும். ஓரங்கள் இருண்டிருக்கும். அந்தி வானத்தையோ, குழாய் வாயில் வெள்ளை டி-ஷர்ட்டைக் கட்டி அதன் மேல் படும் சீரான வெளிச்சத்தையோ எடுத்தால், இந்தக் குறைகள் மட்டும் தனியாகத் தெரியும். அந்த 'ஃபிளாட்' படத்தால் வானப்படத்தை வகுத்தால் குறைகள் விலகும். பழகாதவர்கள் முதலில் சோம்பேறித்தனப்படுவது இதில்தான். கேமராவைக் கழற்றித் திருப்பி மாட்டினாலே பழைய ஃபிளாட் பயன்படாது.

நான்காவது, பொறுமைக்கு ஒரு கணக்கு. ஒளித்துகள்கள் மழைத்துளிகளைப் போல ஒழுங்கின்றி வருவதால் எந்த எண்ணிலும் ஒரு தடுமாற்றம் இருக்கும். பல படங்களைச் சேர்த்தால் தடுமாற்றம் குறையும். ஆனால் வர்க்கமூல விகிதத்தில்தான் குறையும். படத்தின் தெளிவு இரட்டிப்பாக நான்கு மடங்கு நேரம் வேண்டும், மூன்று மடங்காக ஒன்பது மடங்கு நேரம். ஒரே படமாக ஒரு மணி நேரம் எடுப்பதற்குப் பதில், ஐந்து நிமிடப் படங்களாகப் பன்னிரண்டு எடுத்துக் கூட்டுவது வழக்கமானதும் இதோடு சேர்ந்துதான். நடுவில் ஒரு விமானம் குறுக்கே போனாலும், காற்று தொலைநோக்கியை ஆட்டினாலும், அந்த ஒன்றை எறிந்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம்.

இந்த நான்கும் வானாய்வகத்தில் சம்பளம் வாங்கியவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். இப்போது அவை கொல்லைப்புறத்துக்கும் வந்து சேர்ந்தன. படம் அழகாக வந்திருக்கிறதா என்ற கேள்விக்கு முன்னால், எண் சரியாக வந்திருக்கிறதா என்று அமெச்சூர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

மாக்ஸ்வெல் போட்ட வழி

நிறத்துக்கு வருவோம். வழி புதிதல்ல. 1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ஒரு கட்டம்போட்ட ரிப்பனின் வண்ணப்படத்தைக் காட்டினார். அதே ரிப்பனைத் தாமஸ் சட்டன் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் வழியாகத் தனித்தனியே கருப்பு வெள்ளையில் எடுத்திருந்தார். ஒவ்வொன்றையும் அதனதன் நிற ஒளியில் திரையில் விழச்செய்து ஒன்றாக்கினால் நிறம் வந்தது. மாலின் செய்ததும் இதுதான். சிசிடி அமெச்சூர்கள் செய்ததும் இதுதான். தொலைநோக்கிக்கும் சில்லுக்கும் நடுவே ஒரு சக்கரம், அதில் வட்ட வட்டமாக ஃபில்டர்கள். சக்கரத்தைச் சுழற்றி ஒரே பொருளை மூன்று முறை எடுப்பார்கள். கணினியில் ஒன்றைச் சிவப்பாகவும், ஒன்றைப் பச்சையாகவும், ஒன்றை நீலமாகவும் கொடுத்தால் படம் தயார்.

கேட்க எளிது. முதலில் செய்துபார்த்தவர்களுக்கு வானம் முழுக்க இளஞ்சிவப்பாகவும் பழுப்பாகவும் வந்தது. முதல் காரணம் ஃபில்டர். அன்று எல்லோரும் வாங்கியது புகைப்படக்காரர்களின் ராட்டன் ஃபில்டர்கள்: சிவப்புக்கு 25, பச்சைக்கு 58, நீலத்துக்கு 47. மனிதக் கண்ணுக்கு அவை சரியாகத்தான் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை அவை தாராளமாக விட்டுவிடுகின்றன. சிசிடியோ அகச்சிவப்பை நன்றாகவே பார்க்கும். நீலப்படம் என்று எடுத்ததில் பாதி அகச்சிவப்பாக இருந்தால் நிறம் எப்படிச் சரியாகும்? வரலாற்றில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. மாக்ஸ்வெல் காலத்துத் தகடு சிவப்பைப் பார்க்கவே பார்க்காது. இருந்தும் அவர் படத்தில் சிவப்பு வந்தது. நூறாண்டு கழித்து 1961ல் கோடக்கின் ரால்ஃப் எவன்ஸ் புதிரை அவிழ்த்தார். ரிப்பனின் சிவப்புப் பகுதி புற ஊதாவையும் எதிரொளித்தது, சிவப்பு ஃபில்டர் அதை உள்ளே விட்டது, தகடு அதைப் பதிந்துகொண்டது. மாக்ஸ்வெலுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி உதவியது. 1990களின் அமெச்சூரை அது கெடுத்தது. அகச்சிவப்பைத் தடுக்க இன்னொரு ஃபில்டரைச் சேர்த்த பிறகுதான் நிலைமை சீரானது.

இரண்டாவது காரணம் சில்லு. கோடக்கின் தொடக்கக்காலச் சில்லுகளில் ஒளி, சிலிக்கானை அடையும் முன் மின்வாய்களைக் கடக்க வேண்டும். அந்த மின்வாய்கள் நீலத்தை விழுங்கின. ஆகவே நீலப் படத்துக்கு இரண்டு மடங்கும் அதற்கு மேலும் நேரம் கொடுக்க வேண்டிவந்தது. 1990களின் கடைசியில், ஒளி ஊடுருவும் இண்டியம் டின் ஆக்சைடு மின்வாய்கள் வந்த பிறகே இந்தத் தொல்லை குறைந்தது. மூன்றாவது காரணம் நம் காற்று. அடிவானத்துக்கு அருகே இருக்கும்போது நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சும். அதனால் பொருள் தாழ இருக்கும்போது சிவப்பையும், உச்சிக்கு வரும் நேரத்தில் நீலத்தையும் எடுப்பது நல்ல பழக்கமாயிற்று.

அப்படியானால் எது வெள்ளை? இதற்கு அவர்கள் கண்ட தீர்வு அழகானது. நம் சூரியன் ஜி2வி வகை விண்மீன். சூரிய ஒளியில் வெண்மையாகத் தெரிவதைத்தான் வெள்ளை என்கிறோம். ஆகவே வானத்தில் அதே வகை விண்மீன் ஒன்றைத் தேடி மூன்று ஃபில்டரிலும் எடுத்து, மூன்று எண்களும் சமமாக வர ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அந்த விகிதம்தான் அந்தக் கேமரா, அந்த ஃபில்டர், அந்தத் தொலைநோக்கி மூன்றுக்கும் சேர்ந்த முத்திரை. ஒருவரின் விகிதம் இன்னொருவருக்குச் செல்லாது.

பிறகு வானியலுக்கென்றே ஃபில்டர்கள் செய்தார்கள். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டார்கள், தெருவிளக்கின் சோடிய மஞ்சள் அதில் சிக்கி ஒழியட்டும் என்று. நீலமும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் மட்டும் இடைவெளி கூடாது. ஆக்ஸிஜன் வீசும் 500.7 நானோமீட்டர் ஒளி சரியாக அங்கேதான் விழுகிறது. இரண்டு ஃபில்டரிலும் அது பதிந்தால்தான் கோள்வடிவ நெபுலாக்களின் நீலப்பச்சை நிறம் சரியாக வரும்.

நான்காவது படம்

மூன்று ஃபில்டர்களும் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. நேரம் மும்மடங்காகிறது, ஒவ்வொன்றும் மங்கல். இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற வழிகாட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த குனிஹிகோ ஒக்கானோ. 1990களில் அவர் முன்வைத்த முறைக்கு எல்ஆர்ஜிபி என்று பெயர். நிறமில்லாத, முழு ஒளியையும் விடும் நான்காவது படம் ஒன்றை நீண்ட நேரம் எடுக்க வேண்டும். நுணுக்கம், கூர்மை எல்லாம் அதில் இருக்கும். நிறப்படங்கள் மூன்றும் குறைந்த நேரத்தில், நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து, கொஞ்சம் கரடுமுரடாக வந்தாலும் பரவாயில்லை. கூர்மையை நான்காவதிலிருந்தும் நிறத்தை மற்ற மூன்றிலிருந்தும் எடுத்து இணைத்தால் போதும்.

இது ஏன் பலிக்கிறது? மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டில் நுணுக்கம் தேடும், நிற வேறுபாட்டில் அவ்வளவு தேடாது. 1950களில் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சியை வடிவமைத்தவர்கள் இதே குணத்தை நம்பித்தான், நிறத்துக்குக் குறைந்த அலைவரிசையும் வெளிச்சத்துக்கு அதிக அலைவரிசையும் ஒதுக்கினார்கள்.

இந்த முறையைக் கலையாக்கியவர்களில் முன்வரிசையில் நிற்பவர் ராபர்ட் ஜென்ட்லர். தொழிலால் மருத்துவர். கனெக்டிகட்டின் ஏவன் ஊரில், தன் வீட்டுக் கார்ப்பாதையில் ஒவ்வோர் இரவும் தொலைநோக்கியை உருட்டிவந்து நிறுத்திப் படமெடுத்தவர். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் வானத்தில் முழுநிலாவைப்போல் ஆறு மடங்கு நீளம். சிறு சில்லில் அது அடங்காது. துண்டுதுண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் நான்கு ஃபில்டரிலும் எடுத்து, ஒட்டுத் தெரியாமல் அவர் சேர்த்த பெரும்படம் 2000களின் தொடக்கத்தில் வெளிவந்தது. முதிய விண்மீன்களால் மஞ்சளான நடுப்பகுதி, இளம் விண்மீன்களால் நீலமான கரங்கள், ஹைட்ரஜன் முகில்களின் சிவப்புப் பொட்டுகள் என ஒவ்வொரு நிறமும் அங்கே ஒரு தகவல். 1888ல் ஐசக் ராபர்ட்ஸ் முதன்முதலாக அதன் சுருள் வடிவத்தை ஃபோட்டோவில் பிடித்ததை இத்தொடரின் முற்பகுதியில் பார்த்தோம். நூறு ஆண்டு சொச்சத்தில் அதே பொருள் வந்து நின்ற இடம் ஒரு வீட்டின் கார்ப்பாதை.

உண்மை நிறம் எது?

1995 ஏப்ரல் 1 அன்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் ஹபிளால் கழுகு நெபுலாவை எடுத்தார்கள். 'படைப்பின் தூண்கள்' என்று உலகமறிந்த படம். அதற்குப் பயன்பட்ட ஃபில்டர்கள் சிவப்பு, பச்சை, நீலம் அல்ல. கந்தகம், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகிய மூன்று தனிமங்களும் வீசும் குறிப்பிட்ட ஒளியை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் குறும்பட்டை ஃபில்டர்கள். கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று அவர்கள் நிறம் ஒதுக்கினார்கள். இயல்பில் கந்தகத்தின் ஒளி, ஹைட்ரஜனின் ஒளி இரண்டுமே சிவப்பு. அப்படியே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. விண்மீன் பிறக்கும் இடத்தில் வாயு எப்படி அரிக்கப்படுகிறது என்பது அவர்கள் கேள்வி. நிறம் அதற்கு விடை.

அமெச்சூர்கள் இதையும் பிடித்துக்கொண்டார்கள். நகர வெளிச்சத்துக்கு நடுவில் இருப்பவர்களுக்கு இது வரமாக வந்தது. 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளியை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டால் தெருவிளக்குகளில் பெரும்பாலானவை காணாமற்போகும். ஆக்ஸிஜனின் அந்தப் பச்சை ஒளிக்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு. 1864ல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு கோள்வடிவ நெபுலாவின் நிறமாலையில் அதைக் கண்டார். பூமியில் எந்தப் பொருளும் அப்படி ஒளிர்வதில்லை என்பதால் 'நெபுலியம்' என்ற புதுத் தனிமம் இருப்பதாக நம்பினார்கள். அது அருகிப்போன வெற்றிடத்தில் மட்டுமே ஒளிரும் ஆக்ஸிஜன்தான் என்று ஐரா போவன் 1927ல் காட்டினார். ஹக்கின்ஸ் கண்ணால் பிரித்துப் பார்த்த அதே ஒளியை இன்று ஓர் அமெச்சூர் ஃபில்டரால் பிரித்தெடுக்கிறார்.

ஆனால் விவாதமும் வந்தது. ஹைட்ரஜனைப் பச்சையாகக் காட்டுவது ஏமாற்று என்றனர் ஒரு சாரார். அவர்களுக்குப் பதிலாக ஒன்று கேட்கலாம். ஓரியன் நெபுலாவை நேரில் பெரிய தொலைநோக்கியில் பார்த்தால் சாம்பலும் இலேசான பச்சையுமாகத் தெரியும். மங்கிய ஒளியில் நம் கண் சிவப்பை இழந்துவிடுகிறது. ஃபிலிமில் எடுத்தால் அதே நெபுலா சிவப்பு. ஜி2வி விண்மீனை வைத்து அளந்து சிசிடியில் எடுத்தால் ரோஜாச் சிவப்பும் நீலமும் கலந்து வரும். மூன்றில் எது உண்மை? கண்ணுக்கு வந்ததும் உண்மை, சில்லுக்கு வந்ததும் உண்மை. பொய் என்பது, எப்படி எடுத்தோம் என்பதைச் சொல்லாமல் விடுவதில் இருக்கிறது.

அறிவியலுக்குத் திரும்பிய படம்

இப்படி ஒளியைக் கணக்குவைத்துப் பழகியவர்களை வானியலாளர்களே தேடிவரும் காலம் வந்தது. டிராக்கோ விண்மீன் குழுவில், சுமார் 5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் என்ஜிசி 5907 என்ற விண்மீன் மண்டலம் இருக்கிறது. அதைச் சுற்றி, சிதைந்துபோன ஒரு குட்டி மண்டலத்தின் விண்மீன்கள் மெல்லிய இழைகளாக ஓடுகின்றன. அமெரிக்க அமெச்சூர் ஜே கபானி, நியூ மெக்சிகோவில் இருந்த தன் அரை மீட்டர் தொலைநோக்கியில் 11 மணி நேரத்துக்கு மேல் ஒளி சேர்த்து அந்த இழைகளைத் தெளிவாகப் பதிந்தார். வானியலாளர் டேவிட் மார்ட்டினெஸ் டெல்காடோ அவருடன் சேர்ந்து 2008ல் அதை ஆய்வுக் கட்டுரையாக்கினார். பெரிய தொலைநோக்கிகளில் இவ்வளவு நேரம் ஒரே பொருளுக்கு ஒதுக்குவது அரிது. அமெச்சூரிடம் நேரம் இருந்தது, ஃபிளாட்டைச் சரியாக எடுக்கும் பழக்கமும் இருந்தது. வானப் பின்னணியைவிடச் சற்றே கூடுதலான ஒளியைப் பிரித்தறிய அந்தப் பழக்கம்தான் உதவியது. 2011ல் அமெரிக்க வானியல் சங்கம் கபானிக்கு அமெச்சூர் சாதனைக்கான சாம்ப்ளிஸ் விருதை வழங்கியது.

சிசிடியின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. 2015ல் சோனி தன் சிசிடி உற்பத்தியை நிறுத்தப்போவதாகத் தெரிவித்தது. கோடக் தொடங்கிவைத்த சில்லு ஆலையும் பல கைமாறி நின்றுபோனது. இப்போது கடையில் கிடைக்கும் வானியல் கேமராக்களில் பெரும்பாலானவை சிமாஸ் எனப்படும் வேறு வகைச் சில்லில் இயங்குபவை. ஆனால் டார்க், ஃபிளாட், ஃபில்டர் சக்கரம், நான்காவது படம், வர்க்கமூலக் கணக்கு எல்லாம் அப்படியே தொடர்கின்றன. சில்லு மாறியது, கணக்கு மாறவில்லை. 1990களின் அமெச்சூர்கள் விட்டுச்சென்ற சொத்து கேமரா அல்ல, அந்தக் கணக்குதான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கைபேசியில் ஒரு நெபுலாவின் படம் வந்தால் பகிர்வதற்கு முன் அதன் கீழே இருக்கும் சிறு எழுத்தைப் படியுங்கள். எந்தெந்த ஃபில்டர், எத்தனை மணி நேரம், எந்த ஒளிக்கு எந்த நிறம் என்று அங்கே எழுதியிருந்தால் அது நம்பத்தக்க படம். எழுதியிருக்காவிட்டால் கேளுங்கள். நேர்மையாகப் படமெடுத்தவர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

(அடுத்த பகுதியில்: சிமாஸ் சில்லுகளின் வருகை)